உயிருக்கு வந்தது காலோடு போயிற்றா?

கால் எடுக்கப்பட்டு வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிற உறவினர்கள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற பழமொழியைச் சற்றே மாற்றி, உயிருக்கு வந்தது காலோடு போயிற்று என்று சொல்லி ஆறுதலளிப்பது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. ஆறுதல் என்ற அளவில் அதைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்த ஆறுதல் மொழி நாளடைவில் ஒரு வைத்திய சித்தாந்தமாகவே உறைந்துபோய், நோயாளியின் ஆகாரத்தையும், நடமாட்டத்தையும், மருந்தையும், பின்னாளில் அவர் எந்த வைத்தியரிடம் போவார் என்பதையும் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டபடியால், அதைப் பரீட்சித்துப் பார்ப்பது அவசியமாகிறது. அது தவறான அபிப்பிராயம் என்பதும், அந்தத் தவறினால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் நிகழ்கின்றன என்பதும் என் முடிவு.

எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துரைப்பதே நியாயம். நோய் காலில் இருந்தது. கால் போனதும் நோயும் போயிற்று என்பது அதன் முதற்கூற்று. சரீரத்தில் ஒரு பெரிய அங்கம் குறைந்துவிட்டதால் இரத்தம் ஊட்டவேண்டிய பரப்பு சுருங்கி, இருதயத்தின் வேலை இலகுவாகிறது என்பது இரண்டாவது. ஆகையால் இனி அவர் செய்யவேண்டியதெல்லாம் உட்கார்ந்து இளைப்பாறுவதுதான், செயற்கைக்காலைக் கட்டிக்கொண்டு தடுமாறி நடப்பது இருதயத்துக்கு வீண் சிரமம் என்பது மூன்றாவது. இவை பாமரரின் கற்பனை மட்டுமல்ல. அழுகிய காலினால் நஞ்சேறி, ஜுரத்தில் நினைவிழந்து கிடந்த மனிதர், ரணசிகிச்சைக்குப் பின் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து பசி என்று கேட்பதைக் குடும்பத்தார் கண்ணாரக் காண்கிறார்கள். அந்தப் பிரத்தியட்ச அனுபவமே இந்த நம்பிக்கையின் ஆதாரம். கற்றவர்களிடையே இதற்கு நுட்பமான வடிவம் ஒன்றும் இருக்கிறது. காலிழந்தவர்களில் பலர் பிற்பாடு இருதய நோயால் இறப்பது உண்மையே என்றாலும், அதற்குக் காரணம் அவர்களுடைய சர்க்கரை வியாதியும் புகைப்பழக்கமுமே அன்றிக் காலிழப்பு அல்ல என்பதே அது. இவ்வளவையும் மனத்திற்கொண்டு என் மறுப்புகளை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

1. நோய் காலில் இருந்ததா? பெரும்பாலும் இல்லை. நம் நாட்டில் வயதானவர்களின் கால் எடுக்கப்படுவதற்குப் பிரதான காரணங்கள் சர்க்கரை வியாதியும், இரத்தநாளங்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து குழாய் குறுகுவதும், அவ்விரண்டும் சேர்ந்த நிலையில் ஆறாத புண்ணுமே. நாளம் குறுகும் இந்த வியாதி காலுக்கென்று பிரத்தியேகமாக ஏற்பட்டதல்ல. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களிலும், கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் நாளங்களிலும், சிறுநீரகத்தின் நாளங்களிலும் அதே படிவு அதே காலத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. காலில் அது முதலில் வெளிப்பட்டது என்பதற்காக அங்கேதான் அது குடியிருந்தது என்று அனுமானிப்பது பிழை. ரணசிகிச்சை நிபுணர் அகற்றுவது அந்த வியாதியினால் செத்துப்போன திசுவை. வியாதி உடல் முழுவதிலும் எஞ்சி நிற்கிறது. இதன் நிரூபணம் கசப்பானது. நாள வியாதியினாலோ சர்க்கரை வியாதியினாலோ காலின் பெரும்பகுதியை இழந்தவர்களில் பாதிப்பேரோ அதற்கும் மேற்பட்டவர்களோ ஐந்தாண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதைப் பல தேசங்களின் கணக்குகளும் ஒருமுகமாகக் காட்டுகின்றன. அந்த மரணங்களில் மிகப் பெரும் பங்கு இருதயத்தினுடையது. கேட்டமாத்திரத்தில் குடும்பங்களை நடுங்கவைக்கும் புற்றுநோய்களில் பலவற்றுக்கும் இவ்வளவு கொடிய கணக்கு கிடையாது. இருந்தும் புற்றுநோய் என்றால் ஆயுள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நாம், கால் எடுக்கப்பட்டால் தையல் பிரித்ததோடு காரியம் முடிந்தது என்று கருதுகிறோம்.

2. அப்படியானால் குற்றம் வியாதியினுடையதே, காலிழப்பினுடையது அல்லவே என்று கற்றவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். இந்த ஆட்சேபத்துக்கு விடையளிக்கவேண்டுமானால், வியாதி இன்றியே காலிழந்தவர்களை, அதுவும் வாலிபத்தில் பூரண தேகாரோக்கியத்தோடு இருந்தபோது இழந்தவர்களை, நெடுங்காலம் தொடர்ந்து கவனித்திருக்கவேண்டும். துரதிருஷ்டவசமாக, யுத்தங்கள் அத்தகைய மனிதர்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கின. இரண்டாம் உலக யுத்தத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் அங்கமிழந்த 3,890 அமெரிக்கப் போர்வீரர்களை, காயமுற்று உருக்குலைந்தும் அங்கமிழக்காத வீரர்களோடு ஒப்பிட்டு, முப்பதாண்டுக் கால மரணங்களைக் கணக்கிட்ட ஆராய்ச்சி 1980இல் வெளிவந்தது. முழங்காலுக்கோ முழங்கைக்கோ மேலே அங்கமிழந்தவர்கள் இருதய, இரத்தநாள நோய்களால் இறந்த விகிதம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. கீழ்ப்பகுதியை மட்டும் இழந்தவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. இஸ்ரேலில் 1948க்கும் 1974க்கும் இடையில் காயத்தினால் காலிழந்த 201 பேரைச் சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்ட மற்றோர் ஆராய்ச்சி 1998இல் வெளியாயிற்று. இருபத்து நான்காண்டுக் காலத்தில் காலிழந்தவர்களில் 21.9 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 12.1 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். இந்த வேற்றுமைக்கு முதன்மைக் காரணம் இருதய, இரத்தநாள நோய்களே என்று அது கண்டது. இவர்கள் எவரும் அழுகிய காலோடு ஆஸ்பத்திரிக்கு வந்த முதியவர்கள் அல்லர். படைக்குத் தகுதியானவர் என்று வைத்தியர்களால் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள்.

மேலே இழந்தவருக்கு ஆபத்து உண்டு, கீழே இழந்தவருக்கு அது தென்படவில்லை என்ற அந்த அமெரிக்கக் கணக்கின் முக்கியத்துவத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். மனக்கவலையும், யுத்தத்தின் பயங்கர நினைவுகளும், புகைப்பழக்கமுமே முழுக் காரணமென்றால், பாதத்தை இழந்தவனுக்கும் தொடையை இழந்தவனுக்கும் அவை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்திருக்கவேண்டும். இழப்பின் உயரத்தைப் பொறுத்து ஆபத்து வேறுபடுகிறதென்றால், இழந்த தசையின் அளவும், வெட்டுண்ட நாளத்தின் பருமனும், நடமாட்டம் குன்றிய அளவும் ஏதோ ஒரு வகையில் இருதயத்தை எட்டுகின்றன என்று கொள்வதே யுக்திக்குப் பொருந்தும்.

3. இருதயத்தின் வேலை குறைகிறதா? இந்த எண்ணம், உடலை வெறும் பரப்பாகவும் இரத்தத்தை அதில் நிரப்பிய நீராகவும் பாவிப்பதிலிருந்து பிறக்கிறது. முதலில் பங்கீட்டைக் கவனிப்போம். ஓய்வாக இருக்கும் மனிதனின் இருதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை, இரண்டும் சேர்ந்து முந்நூறு கிராம் அளவே நிறையுள்ள சிறுநீரகங்கள் பெற்றுக்கொள்ளுகின்றன. குடலும் ஈரலும் மூளையும் பெரும் பங்குகளைக் கொள்ளுகின்றன. உடலின் நிறையில் ஏறக்குறைய பாதியளவான தசைகள் எல்லாம் சேர்ந்து ஓய்வு நேரத்தில் பெறுவதும் ஐந்திலொரு பங்குக்கு மேற்படுவதில்லை. ஆகவே ஒரு கால் போனதனால் ஓய்வில் இருதயத்துக்கு மிச்சமாகும் உழைப்பு அற்பம். காலுக்குப் போகவேண்டிய இரத்தம் மற்ற இடங்களில் தேங்கி அழுத்தத்தைக் கூட்டும் என்று இதற்கு நேர்மாறாக அஞ்சுகிறவர்களும் உண்டு. அதுவும் ஆதாரமற்ற அச்சமே, ஏனெனில் உடலில் எவ்வளவு திரவம் இருக்கவேண்டும் என்பதைச் சிறுநீரகங்கள் இடைவிடாது சீர்செய்துகொண்டே இருக்கின்றன.

உண்மையான மாறுதல் வேறிடத்தில் நிகழ்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் மகாதமனிக்குள் இரத்தத்தைச் செலுத்துவதோடு ஓர் அழுத்த அலையையும் எழுப்புகிறது. அந்த அலை கிளைநாளங்கள் பிரியும் இடங்களிலும் நுண்ணிய நாளங்களிலும் பட்டு, வாய்க்காலில் ஓடிவரும் அலை மூடிய மதகில் மோதித் திரும்புவதுபோல, ஒரு பகுதி திரும்பி வருகிறது. நல்ல ஆரோக்கியமும் இளமையும் உள்ள சரீரத்தில், திரும்பிய அலை வந்து சேர்வதற்குள் இருதயம் சுருங்கி முடித்து விரியத் தொடங்கியிருக்கும். அப்போது அந்த அலை இருதயத்தின் சொந்த நாளங்களுக்குள் இரத்தம் புக உதவிசெய்கிறது. தொடையின் நடுவில் கால் துண்டிக்கப்பட்டபின், அந்தப் பக்கத்தின் பெரும் தசைப்பரப்பும் அதற்குள் விரிந்திருந்த எண்ணற்ற நுண்நாளங்களும் இல்லாமற்போய், இரத்தம் போகும் வழி அங்கே குறுகிவிடுகிறது. அலை முன்னதாகவே திரும்பி, இருதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வந்து மோதுகிறது என்பது ஆராய்ச்சியாளர் தரும் விளக்கம். அதன் விளைவு இரட்டைத் தீங்காகும். தள்ளும் வேளையில் எதிர்ப்பு கூடுகிறது. இளைப்பாறும் வேளையில் கிடைத்துவந்த உதவி குன்றுகிறது.

மகாதமனி வயிற்றுக்குள் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பக்கம் பழைய வேகத்திலும் மறுபக்கம் குறைந்த வேகத்திலும் இரத்தம் ஓடுவதால், அந்தப் பிரிவுக்கு மேலுள்ள சுவர் சமமற்ற தாக்குதலை வருஷக்கணக்கில் சகிக்க நேரிடுகிறது. ஜெர்மனியில் ஒரு தொடையை இழந்த 329 பழைய போர்வீரர்களையும், கால்கள் முழுமையாக உள்ள 702 போர்வீரர்களையும் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட கணக்கின்படி, வயிற்று மகாதமனி பலூனைப்போல் வீங்கும் ஆபத்தான நிலை முதல்வகையினரில் 5.8 விழுக்காட்டினரிடமும் இரண்டாம் வகையினரில் 1.1 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அந்த வீக்கம் பெரும்பாலும் நோவோ வேறு அறிகுறியோ காட்டாமல் வளர்ந்து, வெடித்தால் நிமிஷங்களில் உயிரைப் போக்கிவிடக்கூடும். கால் வெட்டப்பட்ட இடத்திலிருந்து இவ்வளவு தூரத்தில், பல பத்தாண்டுகளுக்குப் பின் இப்படி ஒரு விளைவு தோன்றுமானால், இழப்பு காலோடு நின்றது என்று எப்படிச் சொல்வது?

4. தசையை வெறும் நடைக்கருவியாகக் கருதுவது அடுத்த பிழை. நாம் உண்ட மாவுப்பொருள் சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்தபின், இன்சுலினின் ஏவலால் அதில் மிகப் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வது தசையே. உடலின் தசையில் பாதிக்கு மேல் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. அந்தத் தசையில் கணிசமான பகுதி ஒரே நாளில் நீங்கி, எஞ்சியதும் உட்கார்ந்த வாழ்க்கையில் மெலிந்துபோனால், அதே அளவு சோறு உண்டவரின் இரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் உயர்ந்து நிற்பதில் வியப்பில்லை. மேலே சொன்ன இஸ்ரேலிய ஆராய்ச்சியில், உயிரோடிருந்த காலிழந்தவர்களிடம் வெறும் வயிற்றிலும் சர்க்கரை பருகியபின்னும் இன்சுலின் அளவு மற்றவர்களைவிட உயர்ந்திருந்ததும், இரத்தம் உறையும் தன்மை கூடியிருந்ததும் கண்டறியப்பட்டன. பாவம், கால்தான் போயிற்று, வாய்க்கு வேண்டியதையாவது சாப்பிடட்டும் என்று அன்பு மிகுதியால் தட்டை நிறைக்கும் தாய்க்கும் மனைவிக்கும் இதை யார் எடுத்துச்சொன்னார்கள்?

இதிலே எடைக்கருவி செய்யும் வஞ்சகம் ஒன்றும் இருக்கிறது. நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் தொடையின் நடுவிலிருந்து ஒரு காலை இழந்தபின் அறுபது கிலோ நிறை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான சூத்திரப்படி அவருடைய உடல்நிறைக் குறியீடு 21.3. இந்தியர்களுக்கு 23 வரை உகந்தது என்பதால் அவர் மெலிந்த நல்ல தேகம் படைத்தவர் என்று சீட்டில் எழுதப்படும். ஆனால் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி உடல்நிறையில் சுமார் ஆறு விழுக்காடு, பாதித்தொடை சுமார் ஐந்து விழுக்காடு, ஆக அவர் இழந்தது பதினொரு விழுக்காடு. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய நிறை அறுபத்தேழரைக் கிலோவை ஒட்டியது, குறியீடு 23.9. எல்லையை அவர் தாண்டிவிட்டார், தாண்டியது ஏட்டில் பதிவாகவில்லை. இடுப்பைச் சுற்றி ஒரு நாடாவை வைத்து அளந்திருந்தால் உண்மை அப்போதே தெரிந்திருக்கும்.

5. நடை இருதயத்துக்குச் சிரமம் என்ற வாதத்தில் ஒரு பாதி உண்மை இருப்பதை மறுக்கவில்லை. செயற்கைக்காலோடு ஒரே தூரத்தை நடக்க, முழங்காலுக்குக் கீழ் இழந்தவருக்குச் சுமார் கால்பங்கும், மேலே இழந்தவருக்குப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரையும் கூடுதல் சக்தி செலவாகிறது. இந்தக் கணக்கை மட்டும் கேட்டவர்கள் அஞ்சுவது இயற்கை. ஆயினும் மனிதன் தூரத்தை மட்டும் கணக்கிட்டு நடப்பதில்லை. தன் மூச்சுக்கு ஏற்ற வேகத்தைத் தானே தெரிந்தெடுக்கிறான். காயத்தினால் காலிழந்தவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஆகும் உழைப்பை ஏறத்தாழ மற்றவர்களுக்குச் சமமாகவே வைத்துக்கொள்கிறார்கள் என்பதை நடையை அளந்து பார்த்த நிபுணர்கள் 1976லேயே காட்டினார்கள். நாள வியாதியுள்ள முதியவர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். இருதயத்தைப் பரிசோதித்து, எவ்வளவு நடக்கலாம் என்று அளவிட்டுச் சொல்லவேண்டும். அளவிடுவதற்கும் விலக்குவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. நடையை விலக்கியவருடைய எஞ்சிய தசை மெலிகிறது, கெண்டைக்கால் தசை நாளங்களை அழுத்தி இரத்தத்தை மேலே அனுப்பும் காரியம் மற்றக் காலிலும் தளர்கிறது, கொழுப்பும் சர்க்கரையும் உயர்கின்றன. எந்த இருதயத்தைக் காப்பாற்ற அவரை உட்காரவைத்தார்களோ அந்த இருதயமே முதலில் பலவீனப்படுகிறது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து, வெறுங்காலோடு வயலில் நிற்கவும் சப்பணமிட்டு உட்காரவும் ஏற்ற செயற்கைக்காலை உருவாக்கியது மனிதனை மறுபடி நடக்கவைக்க. நம் இல்லங்களில் அது கதவுக்குப் பின்னால் சாய்த்துவைக்கப்பட்டு, விசேஷ நாட்களில் மட்டும் கட்டப்படுகிறது.

6. நெஞ்சு வலிக்கவில்லையே என்ற வாதம் எல்லாவற்றிலும் அபாயகரமானது. குறுகிய நாளத்தையுடைய இருதயம், கூடுதலாக உழைக்கும்படி ஏவப்படும்போதுதான் வலியால் எச்சரிக்கிறது. மாடிப்படி ஏறாதவர், கடைத்தெருவுக்கு நடக்காதவர், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மட்டும் நகருகிறவர், அந்த எச்சரிக்கை எழும்பும் வாய்ப்பையே இழந்துவிட்டவர். போதாக்குறைக்கு, நெடுநாள் சர்க்கரை வியாதி நரம்புகளை மரத்துப்போகச் செய்வதால், மாரடைப்பே வலியின்றி வந்துபோவதும் உண்டு. ஓடும் பட்டையில் நடக்கவைத்துச் செய்யும் சோதனை இவருக்கு ஏலாது என்று சோதனையையே கைவிடுகிறவர்கள், கையால் சுழற்றும் கருவியைக்கொண்டும், மருந்து செலுத்தி இருதயத்தின் வேகத்தைக் கூட்டி எக்கோ எடுத்தும் அதே தகவலைப் பெறலாம் என்பதை நினைவிற்கொள்ளவேண்டும்.

இனி, என் பக்கத்து ஆதாரங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான ஆட்சேபத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். போர்வீரர் ஆராய்ச்சிகளிற் பல பழையவை, புகைப்பழக்கம் முதலியவற்றை அவை நுணுக்கமாகப் பிரித்தறியவில்லை, ஆகவே காலிழப்பே காரணமென்று அறுதியிட முடியாது என்பார்கள். அறுதியிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தசையிழப்பு, அலைமாற்றம், அசைவின்மை, மனத்துயர், புகை ஆகிய இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தர்க்கத்துக்குரியதே. ஆனால் ஆப்கானிஸ்தானத்தில் காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களை, அதே வயதும் பதவியும் உடைய காயமுறாத வீரர்களோடு ஒப்பிட்டு, இருபதாண்டுகள் தொடரும் திட்டத்தோடு நம் காலத்தில் நடந்துவரும் ஆராய்ச்சி, சராசரி 34 வயதிலேயே காயமுற்றவர்களுடைய நாளங்களில் விறைப்பின் அறிகுறிகளும், கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் கேடுகள் ஒன்றுசேரும் நிலையும் மிகுந்திருப்பதையும், காயம் கடுமையாக இருந்தவர்களிடம் அது இன்னும் கூடுதலாக இருப்பதையும் காட்டியிருக்கிறது. பங்கீடு தெரியாததைக் காட்டி ஆபத்தையே இல்லையென்பது நியாயமாகாது. தவிரவும், அந்தக் காரணங்களில் எதை எடுத்துக்கொண்டாலும் சிகிச்சை ஒன்றேதான்.

இது யாரைப்பற்றிய விவகாரம்? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு, நாட்டில் சர்க்கரை வியாதியுள்ளோர் பத்துக் கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் விகிதம் தேசிய சராசரியைவிட உயர்ந்தது. காலில் புண்ணோடு நம் அரசு ஆஸ்பத்திரிகளின் வாசலில் காத்திருப்பவர்கள் இவர்களே. கடலுக்கு அப்பால், இலங்கையின் வன்னியிலும் கிழக்கிலும் மிதிவெடியாலும் ஷெல்லாலும் காலிழந்தவர்கள் இருக்கிறார்கள். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது இருபது வயதாக இருந்த ஓர் இளம்பெண், பிரிட்டிஷ் வீரர்களிடம் நாளவிறைப்பு கண்டறியப்பட்ட அந்த வயதைக் கடந்து இன்று நடுவயதை நெருங்கிவிட்டாள். அவளுக்குக் கால் பொருத்திக் கொடுத்தவர்கள் உண்டு. அது தேய்ந்தபோது மாற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தச் சேவையை நான் வணங்குகிறேன். ஆனால் கால் அளவெடுக்க வந்தவளுடைய இரத்த அழுத்தத்தையும் இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அதே மேசையில் அதே நாளில் அளந்து குறித்துவைக்கும் ஏற்பாடும் அதனோடு சேர்ந்திருக்கவேண்டும்.

வறிய சமூகங்களுக்கு இது கட்டாது என்பதே கடைசியாக எழும் ஆட்சேபம். கட்டாத பொருள் இதில் எதுவென்று சொல்லட்டும். அளவுநாடா, இரத்த அழுத்தக் கருவி, ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி ஆகியவை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உண்டு. நாள வியாதியினால் காலிழந்தவருக்கு அவசியமான ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் விலையுயர்ந்த சரக்குகள் அல்ல. முழங்காலுக்குமேல் காலிழந்து நெடுங்காலமான முதியவருக்கு, மகாதமனி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேன் ஒருதரம் போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்கீழ் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுவாசலுக்கே போகின்றன, இயன்முறைச் சிகிச்சை அளிப்பவர்களும் போகிறார்கள். காலிழந்தவர் ஒவ்வொருவருடைய பெயரும் அந்தப் பட்டியலில் ஏறவேண்டும். இழந்த அங்கத்தின் நிறையைச் சேர்த்து அவருடைய எடை கணக்கிடப்படவேண்டும். செயற்கைக்காலைக் கட்டிக்கொண்டு அவர் வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் நடக்கிறார் என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்டு எழுதப்படவேண்டும். கால் எடுத்த ஆஸ்பத்திரி கொடுக்கும் விடுவிப்புச் சீட்டிலேயே, தையல் பிரிக்கும் தேதிக்குக் கீழே, இருதயப் பரிசோதனைக்கு வரவேண்டிய தேதியும் குறிக்கப்படவேண்டும்.